எந்தத் தளத்தில் விருந்து?

மனித குலத்தின் மாபெரும் முடிவுகள் எல்லாம் உணவு மேசையின் முன்னால்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. யார் எங்கே உட்கார்வது, யார் பக்கத்தில் உட்கார்வது, யார் முதலில் கை வைப்பது என்பதிலேயே ராஜ்யங்கள் எழுந்தன, அதிலேயே விழுந்தன. ஒரு நாகரிகத்தின் மேன்மையை அறிய அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்க்க வேண்டாம். அது விருந்துண்ண எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

இப்படித்தான் இன்ஸ்பெக்டர் அன்று காலை உரையைத் தொடங்கினார். பிஸ்கட்டைக் காபியில் போட்டிருந்தார். அது ஊறும்வரை நேரம் போக வேண்டியிருந்தது.

போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல. கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சிட்டிகை குறைந்தாலும் கடைக்காரனை வீதியில் நிறுத்தி, தர்மத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அபராதம் போடுவார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மோவாயை முன்னால் தள்ளி, "அளவு சரி" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகக் கடைவீதியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வீட்டிலும் அதே பாடம்தான். அவருடைய ஒரே மகன் பல் டாக்டர். அவன் அந்த இரண்டு வார்த்தையைத் தன் வாழ்நாளில் கேட்டது ஒரே ஒரு தடவை. அப்பாவுக்குத் தன் கையால் பல் செட் செய்து பொருத்திய அன்றைக்கு.

போன வாரம் இன்ஸ்பெக்டர், மனைவி, மகன், மருமகள் என்று நான்கு பேரும் உல்லாசக் கப்பல் ஏறியபோது மூட்டை முடிச்சுகளோடு சில சங்கதிகளும் ஏறின. சில மாதங்களுக்கு முன்னால் டாக்டர் ஒரு நோயாளிக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குக் கை நடுங்குகிறது. கிளினிக்கை மூடிவிட்டான். தினமும் காலையில் கிளம்பிப் போய், இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், நோயாளி உட்காரும் நாற்காலியில் சாய்ந்து கிடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவான். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது சங்கதி, அந்தப் பல் செட் பொருந்தவில்லை. இது இன்ஸ்பெக்டருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். வீட்டில் அந்த அம்மாள் யாரும் பார்க்காமல் எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்கிக் கொடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அதற்காகவே ஒரு சின்ன மிக்ஸியைப் புடவைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தாள். கப்பல் பாதுகாப்பு ஆள் அதைப் பிடித்து, "மின்சாதனம் எதுவும் அறைக்குள்ள கூடாதும்மா, இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் ஊறிய பிஸ்கட்டில் உயிர் வாழ்கிறார்.

"மொத்தம் மூணு இடம் மாமா," மருமகள் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னாள். "நாலாவது தளத்துல பெரிய கூடம். கேப்டன் வந்து வாழ்த்து சொல்வாராம். அப்புறம் இப்ப நாம உட்கார்ந்திருக்கற இந்த இடம், நாமளே தட்டை எடுத்துப் போட்டுக்கலாம். பன்னிரண்டாவது தளத்துல 'கனல்'னு ஒண்ணு. கண்ணு முன்னாடியே கறியை நெருப்புல சுட்டுத் தருவாங்களாம். எதுன்னாலும் மத்தியானத்துக்குள்ள மேசை சொல்லிடணும். இன்னிக்கு கப்பல்ல விருந்து நாளு, ராத்திரி எல்லாம் நிரம்பிடும்."

"இது ஜனநாயகக் குடும்பம்," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாருக்கும் பேச உரிமை உண்டு. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"ரூமுக்கே வரவழைச்சுக்கலாமே," என்றாள் மனைவி. "சூப்பு, மசிச்ச உருளைக்கிழங்கு…"

"விருந்து நாள்ல படுக்கைமேல உட்கார்ந்து சாப்பிட நான் என்ன பிள்ளை பெத்தவளா? தள்ளுபடி. அடுத்து?"

"இங்கயே சாப்பிடலாம் மாமா. யாருக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கலாம்."

"தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்கறதா? ஒரு அரசாங்க அதிகாரி?"

"ரிட்டயர் ஆயாச்சு," என்றாள் மனைவி.

"தட்டுக்கு அது தெரியாது. தள்ளுபடி. டாக்டர் என்ன சொல்றார்?"

மகனை நாலு பேர் காதில் விழும் இடங்களில் அவர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் மேசைமேல் கிடந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. சில மாதங்களாக அந்தக் கை மேசைக்கு மேலே வருவதில்லை.

"எங்க வேணா சரிப்பா."

"பாருங்க, பெருந்தன்மை!" இன்ஸ்பெக்டர் பக்கத்து மேசைத் தொப்பிக்காரரிடம் திரும்பினார். "சார், இவர்தான் என் பையன். பல் டாக்டர். இது அவர் கட்டின செட்டு. கல்லைக் கடிக்கலாம்." மோவாயை முன்னால் தள்ளி இரண்டு வரிசையையும் காட்டினார். அந்தக் கோலத்தில் பற்கள் முத்துச்சரம் போல ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. தொப்பிக்காரர் மரியாதைக்குத் தன் பல்லையும் காட்டினார்.

டாக்டரின் முகத்தில் ஏதோ ஒன்று மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஊறிக் கரைந்து கோப்பைக்குள் மூழ்கிக்கொண்டிருந்த பிஸ்கட்டை அவன் பார்த்துவிட்டான்.

"நாலாவது தளம். கேப்டன் பேசற இடத்துலதான் நமக்கு மரியாதை. முத்திரை போட்டாச்சு," என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்தைக் கலைத்தார்.

அம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது. நாலாவது தளத்தில் சூப் உண்டு, ஆவியில் வெந்த மீன் உண்டு, கடைசியில் வழுவழுவென்று ஒரு இனிப்பும் உண்டு என்று முதல் நாளே போய் விசாரித்து வைத்திருந்தாள்.

*

அவர்களுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கடலின் படம் மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் பல் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். உடனே முகம் பாதியாகச் சுருங்கியது. கடைவீதியை நடுங்கவைத்த முகம், காற்று இறங்கிய பை மாதிரி மடிந்து உட்கார்ந்தது.

பல் இல்லாமல் அவர் பேசுவது மனைவிக்கு மட்டும்தான் புரியும். மற்றவர்களுக்கு அது வெறும் காற்று. பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி சொன்னவர் யாரோ, அவரும் பேசி ஓய்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"வாயைத் திறங்க." உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சோடு அம்மாள் குனிந்தாள். கீழ் ஈறு முழுக்கப் புண். "நேத்துக்கு இன்னிக்கு அதிகமாயிருக்கு. ஒட்டற பசை எங்க?"

"தீரப்போகுது," என்றார். அவளுக்குப் புரிந்தது.

பல் செட் ஏன் பொருந்தவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மகன் கைத்திறன் மேல் குற்றம் இல்லை. அளவெடுத்த அன்று, மகன் வெதுவெதுப்பான மெழுகை வாயில் வைத்து, "சும்மா இயல்பா கடிங்கப்பா" என்று சொன்னான். இன்ஸ்பெக்டர் இயல்பாகத்தான் கடிக்கப் போனார். அதற்குள் தலைக்குமேல் தொங்கிய விளக்கின் பளபளப்பில் தன் பொக்கை முகத்தைப் பார்த்துவிட்டார். வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் வேறு நின்றுகொண்டிருந்தாள். இந்த முகத்தையா இவர்கள் பார்ப்பது? பிரிவுபசார விழாப் படத்தில் நின்ற மாதிரி மோவாயைக் கம்பீரமாக முன்னால் தள்ளி மெழுகைக் கடித்தார். மெழுகு அப்படியே இறுகியது.

மகன் அந்த அளவுக்கு இம்மி பிசகாமல் செட்டைச் செய்தான். அதனால் இன்ஸ்பெக்டர் மோவாயைத் தூக்கி நிற்கும்போது அந்தப் பற்கள் அமர்க்களமாகப் பொருந்தின. மெல்லுவதற்காகத் தாடையை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தால் மேல்வரிசை ஒரு பக்கம் போகும், கீழ்வரிசை இன்னொரு பக்கம் போகும். மேடைக்குப் பொருந்திய பல் சோற்றுக்குப் பொருந்தவில்லை.

வாழ்நாள் முழுக்கப் பொய் அளவுக்காரர்களைப் பிடித்தவர், கடைசியில் சொந்த மகனிடம் கொடுத்தது பொய் அளவு.

"சொல்லிடுங்க," என்றாள் மனைவி. இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல. "'தப்பு உன் கையில இல்லடா, என் தாடையிலதான்'னு ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை பிழைச்சுப்பான். அவன் முகத்தைப் பார்த்தீங்களா? இறந்து போனவனோட போட்டோ மாதிரி உட்கார்ந்திருக்கான்."

"சொல்லணும்."

"எப்போ?"

"சமயம் வரட்டும்."

"உங்களுக்குச் சமயம் வர்றதுக்குள்ள எனக்கும் பல்லு போயிடும்."

அவர் டம்ளரைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த பற்கள், கப்பல் ஆடும்போதெல்லாம், கண்ணாடியில் லேசாக மோதிக் கடகடத்தன. அவை மட்டும்தான் அந்த அறையில் சிரித்துக்கொண்டிருந்தன.

*

மத்தியானத்துக்கு முன்னால் காலாற நடந்து வரலாம் என்று இன்ஸ்பெக்டர் தனியாக வெளித்தளத்துக்குப் போனார். வெயிலில் எண்ணெய் தடவிப் படுத்திருந்தவர்களைத் தாண்டி, உயிர்காக்கும் படகுகள் வரிசையாகத் தொங்கும் பக்கம் வந்தார். ஒரு படகுக்கு அந்தப் பக்கத்தில் மருமகளின் குரல் கேட்டது.

மருமகளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவள் எடுத்துப் பேசுவாள். அவளுக்கென்று அதற்கு ஒரு தனிக் குரல் உண்டு.

"கீழ பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க."

"யாரு வர்றாங்க?" இது டாக்டரின் குரல்.

"யாரும் வரல. பழக்கத்துல வந்துடுச்சு."

"நீ போய் உட்காரு. நான் சும்மாதான் நிக்கறேன்."

"கம்பியை விட்டுத் தள்ளி நின்னு சும்மா நில்லுங்க."

இன்ஸ்பெக்டர் படகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"ஒரு வாய்க்குள்ள கையை விடணும்னு நினைச்சாலே உடம்பு உதறுது," என்றான் டாக்டர். "அந்த ஆள் அழவே இல்ல, தெரியுமா? கண்ணாடியில பார்த்துட்டு, 'பரவாயில்ல டாக்டர், பக்கத்துல இருக்கறதையும் எடுத்துடுங்க'ன்னான். அவன் திட்டியிருந்தா நான் பிழைச்சிருப்பேன்."

"எவ்வளவு பேருக்கு நல்லா பண்ணியிருக்கீங்க."

"அதெல்லாம் இப்ப யாரு வாயில எப்படி இருக்கோ. என் கண்ணு முன்னாடி இருக்கறது ஒண்ணுதான். அப்பாவோட செட்டு. அவர் அன்னிக்கு அளவு சரின்னார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளா பிடிச்சுக்கிட்டிருக்கேன். ஆனா கப்பல்ல ஏறினதுலேர்ந்து பார்க்கறேன், அவர் கெட்டியா ஒண்ணும் சாப்பிடல. சூப்பு. பிஸ்கட்டு. அதுவும் ஊறவச்சு."

"கேட்டுடுங்களேன்."

"கேட்டா பிரமாதம்பார். நான் பார்க்கணும். ஒரு தடவை அவர் கெட்டியா எதையாவது கடிச்சு, மென்னு, முழுங்கறதை என் கண்ணால பார்த்துட்டா, ஊருக்குப் போனதும் ஷட்டரைத் தூக்கிடுவேன். சத்தியமா."

"இல்லைன்னா?"

கப்பலின் வயிற்றில் அலை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

படகைச் சுற்றிக்கொண்டு போனால் மகன். உண்மை அவர் வாயிலேயே இருந்தது. பல்லும் அப்போது வாயில்தான் இருந்தது. சமயம் என்று இன்ஸ்பெக்டர் எதைச் சொல்லி வந்தாரோ, அது சூரிய வெளிச்சத்தில் நின்று அவரைக் கை தட்டிக் கூப்பிட்டது.

அவர் லிஃப்டுக்குப் போனார்.

பன்னிரண்டாவது தளத்தில் 'கனல்' வாசலில் நின்ற பெண், இந்த மாதிரி நிமிர்ந்த மோவாயை அதுவரை பார்த்ததில்லை.

"நாலு பேருக்கு மேசை. இருக்கறதுலயே கெட்டியான கறி எது?"

"எலும்போட சுடறது ஒண்ணு இருக்கு சார். பெரியவங்களுக்குன்னா மெத்துன்னு தனியா…"

"மெத்துன்னு வேண்டாம்."

மத்தியானச் சாப்பாட்டில் அவர் இடமாற்றத்தை அறிவித்தபோது அம்மாளின் கையிலிருந்து கரண்டி நழுவியது. மருமகள் மாமனாரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் சில மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான்.

"அப்பா, அது கொஞ்சம் கஷ்டமா இருக்கும்ப்பா. எலும்போட…"

"யாருக்குக் கஷ்டம்? டாக்டர் கட்டின பல்லுக்கா? முத்திரை போட்டாச்சு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அம்மாள் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன, மூளை கலங்கிப் போச்சா?"

"அவன் பார்க்கணுமாம். நான் மெல்லறதை."

"எதால?"

அவர் பசைக் குழாயைத் தேடி எடுத்தார்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு வெட்கம். அதுக்குப் பதிலா எலும்பைக் கடிக்கப் போறீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லிடுங்கன்னு சொல்லலாம்னா, அதுக்கும் வழி இல்ல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே திரும்பி அழுகையாகப் போயிற்று. கடல் படத்தின் பக்கம் திரும்பி நின்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

அவர் பசைக் குழாயைக் கடைசிவரை சுருட்டி அமுக்கினார். ஒரு பட்டாணி அளவுதான் வந்தது.

*

ஏழு மணிக்கு 'கனல்' நிரம்பி வழிந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல் கறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய அடுப்பு. ஒவ்வொரு தட்டின் மேலும் வெள்ளைத் துணியை அன்னப் பறவை போல மடித்து வைத்திருந்தார்கள். பணியாளர் படு சுறுசுறுப்பு. அம்மாள் துணியில் ஒரு சொட்டு சூப் சிந்தியவுடன், அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், கண் இமைப்பதற்குள் புதிய அன்னம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"பார்த்தியா, சேவைன்னா இது," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் தட்டுக்குக் கறி வந்தது. ஒரு சின்னக் கதவு அளவுக்கு இருந்தது.

டாக்டர் தன் தட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் வாயைப் பார்த்தான். தேர்வு முடிவு ஒட்டிய பலகையைப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் வெட்டினார். வாயில் போட்டார். மோவாயை முன்னால் தள்ளிக் கம்பீரமாக அசைத்தார். கீழ் ஈறின் புண்ணில் யாரோ ஆணி அடித்தார்கள். கண்ணில் நீர் முட்டியது.

"காரமாப்பா?"

"பிரமாதம்."

துணியை எடுத்து உதட்டைத் துடைத்தார். கறி துணிக்குள் போயிற்று. தொண்டையை மட்டும் அசைத்து ஒரு விழுங்கு விழுங்கினார். அடுத்த துண்டு. துடைப்பு. விழுங்கு. பொய்க் கல் வைத்து எடை போடும் கடைக்காரன்கூட இவ்வளவு லாகவமாகச் செய்ததில்லை. அம்மாள் அவரைப் பார்க்க மாட்டாமல் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது துண்டுக்கோ ஐந்தாவது துண்டுக்கோ, மருமகள் ஒன்றைக் கவனித்தாள். டாக்டரின் வலது கை மேசைக்கு மேலே வந்திருந்தது. கத்தியைப் பிடித்திருந்தது. நடுங்கவில்லை.

"அப்பா, அந்த எலும்போட இருக்கற இடம்தான் ருசின்னு சொல்றாங்க," என்றான். குரலில் பழைய மகன் இருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவரும் மகன்.

அந்தக் குரலுக்காக இன்ஸ்பெக்டர் எலும்பைக் கடித்தார்.

பட்டாணி அளவுப் பசை தன்னால் ஆனதைச் செய்துவிட்டு விடைபெற்றது. அவர் அவசரமாகத் துணியை வாயில் வைத்தார். கறி வந்தது. கூடவே கீழ்வரிசை வந்தது. மேல்வரிசையும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் துணியை மடித்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டார். கழிப்பறைக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை.

அப்போது ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தும்படி கேட்டுக்கொண்டார். நாற்காலிகள் நகர்ந்தன. முழுக் கூடமும் எழுந்தது. விருந்தில் உட்கார்ந்தே இருப்பது மரியாதை இல்லை என்று தெரிந்தவர் இன்ஸ்பெக்டர். அவரும் துணியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து, எல்லாரையும் போல ஒலிபெருக்கி தொங்கிய அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். கடல்வழிப் பயணங்கள் மனித உள்ளங்களை இணைப்பது பற்றி கேப்டன் விரிவாகப் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். உட்கார்ந்தார்கள்.

டாக்டர் மட்டும் உட்காரவில்லை. கையில் கோப்பை இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்." தொண்டையைக் கனைத்தான். "கிளினிக்கை மூடிட்டேன். உங்களுக்கெல்லாம் தெரியாது."

மூன்று பேரும் தெரியாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"திரும்பவும் திறக்கறதா, இல்ல எல்லாத்தையும் வித்துட்டு…" நிறுத்தினான். "இன்னிக்கு முடிவு பண்ணிடலாம்னு இருந்தேன். அப்பா, நீங்க சாப்பிடறதைப் பார்த்தேன். ஆனா என் கண்ணை இப்பல்லாம் நானே நம்பறதில்லப்பா. அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. அது போதும்."

அம்மாள் புருஷன் கையைப் பிடித்தாள். சமயம் இதுதான் என்று அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவர் எதற்கும் தயாராக இருந்தார். மகனைக் காப்பாற்றப் பொய்யைச் சொல்லவும் தயார். தப்பு என் தாடையில்தான் என்று உண்மையைச் சொல்லவும், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தயார். எதைச் சொல்வதானாலும் வாயைத் திறக்க வேண்டும்.

அவர் தலையை ஆட்டினார். பலமாக, இரண்டு தடவை.

"தலையாட்டாதீங்கப்பா." டாக்டர் சிரிக்கப் பார்த்தான். "கடைக்காரனுக்கெல்லாம் தலையாட்டியா முத்திரை போட்டீங்க? வாயால சொல்லுங்க."

இன்ஸ்பெக்டரின் உதடுகள் உள்பக்கமாக மடிந்து இறுகின. பக்கத்து மேசையில் காலையில் பார்த்த தொப்பிக்காரர் இருந்தார். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் மருமகள். அவளுடைய குரல் லிஃப்டுக்குள் இருப்பவர்களுக்கான குரலாக மாறியிருந்தது. "மெதுவா சொல்லுங்க மாமா. அவசரமே இல்ல."

இன்ஸ்பெக்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மகன் அந்த நீரைப் பார்த்தான். தராசைத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்க்கும் கடைக்காரன் மாதிரி பார்த்தான். அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"புரிஞ்சுதுப்பா," என்றான். "பொய் சொல்ல உங்களுக்கு வராது. எனக்குத் தெரியும்."

கோப்பையை வைத்தான். அது தட்டில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. வலது கை மேசைக்கு அடியில் போயிற்று. பிறகு அவனும் மேசையை விட்டுப் போனான். மேசைகளுக்கு நடுவே யார்மேலும் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, வெளித்தளத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். காற்று ஒரு தடவை உள்ளே வந்து மெழுகுவர்த்திகளை எல்லாம் குனியவைத்தது.

மருமகள் செருப்பைக்கூட மாட்டவில்லை. அப்படியே ஓடினாள். "கீழ பார்க்காதீங்க," என்ற குரல் கதவு மூடும்வரை கேட்டது.

"என்ன மனுஷன் நீங்க?" அம்மாள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அக்கம்பக்கத்து மேசைகள் அமைதியாயின. "ரெண்டே வார்த்தை. நல்லதோ பொல்லாததோ, ரெண்டே வார்த்தை. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

இன்ஸ்பெக்டர் மேசையைத் தடவினார். தட்டுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். அதன் கழுத்து நிமிர்ந்து நின்றது. அது புதிய அன்னம்.

எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில் பணியாளர் அழுக்கானதை எடுத்துவிட்டு அதை வைத்திருந்தார். பழைய துணி சலவைக்குப் போய்விட்டது. பல் செட் அதற்குள் இருந்தது.